வலது கண்ணும் ஒரு சீசா உப்புத் தண்ணீரும்

என் வலது கண்ணை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்ன டாக்டர்மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார் பாருங்கள், அந்தப் பேனாமீதுதான் கோபம். மூக்கடைப்பு என்றாலே சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "சளிதானே, ஆவி பிடி" என்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு தலையணை வைத்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி படுத்திருக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அழுகை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கும் சேர்த்து அந்த வேலையை என் நாத்தனார் லில்லி அக்கா அப்போதே முடித்துவிட்டார்.

நான் பிலோமினா. தாம்பரம் மேற்கில், ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். குடியிருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில். ஏரித் தண்ணீர் ஏறும் பூமி. மழை நின்று பொங்கல் வந்த பிறகும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் நிற்கும். அதில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூக்கும். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்போம், வருஷா வருஷம் அது ஜெயிக்கும்.

கணவர் தனராஜ் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளர். பாம்பு, தவளை, ஓணான் எல்லாம் கண்ணாடிச் சீசாவில் மிதக்குமே, அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. செத்த உடல் அழுகாமல் இருக்க ஃபார்மலின் என்று ஒரு மருந்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நெடி சட்டையில், முடியில், நகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் வந்த முதல் சண்டையே அதுதான். "குளிக்காம சமையக்கட்டுக்குள்ள கால வைக்கக் கூடாது" என்று சட்டம் போட்டேன். அவரும் வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்விடுவார். மறந்து உள்ளே வந்தால் கரண்டியோடு துரத்துவேன்.

பிறகு சில வருஷங்களாக அந்தச் சண்டை இல்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் திருந்தவில்லை, என் மூக்குதான் செத்துப்போயிருந்தது. குழம்பு தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் தெரியும். அதையும் வேலைப் பளு என்றே எடுத்துக்கொண்டேன். மூக்கை அறுத்தாலும் இப்படித்தான் இருந்திருப்பேன் போலிருக்கிறது.

இதற்கு நான் செய்யாத வைத்தியமில்லை. யூகலிப்டஸ் தைலம் போட்டு ஆவி பிடித்தேன். மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை இழுத்தேன். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தேன். "பீனிசம்" என்றார் சித்த வைத்தியர். "அலர்ஜி" என்றார் இங்கிலீஷ் டாக்டர். ஒருவர் மூக்குக்குள் தடித்த ஊசியை விட்டு, கன்னத்து எலும்பில் நறுக்கென்று குத்தி, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். மரத்துப்போக மருந்து வைத்திருந்தும், அந்த நறுக்கென்ற சத்தம் மண்டைக்குள் கேட்டது. ஒரு மாதம் நன்றாக இருந்தது. மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஒரு நாள் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பெண் அடித்துக் கொடுத்த தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி சிவப்பு மையில் சுழித்துத் தள்ளினேன்.

"ஏம்மா, ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு ரெண்டு தரம் அடிச்சு வச்சிருக்கே?"

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்லையே மிஸ். ஒரு தரம்தான் அடிச்சிருக்கேன்."

பொய் வேறா என்று கத்தப் போனேன். அப்போதுதான் எதிரில் அவளே இரண்டாகத் தெரிவதைக் கவனித்தேன். அவள் மெதுவாக, "மிஸ், உங்க வலது கண்ணு முன்னால வந்த மாதிரி இருக்கு" என்றாள். கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வலது கண் யாரையோ எட்டிப் பார்க்கிறதுபோலப் பிதுங்கி நின்றது.

தாம்பரத்திலேயே ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் எளிதாக விளங்க வைத்தார். நம் முகத்தின் எலும்புக்குள், கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணுக்கு நடுவிலும், காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அதற்குத்தான் சைனஸ் என்று பெயர். என் வலது பக்கத்து அறைகளில் காற்றே இல்லை. ஏதோ கெட்டியாக அடைத்திருக்கிறது, அது கண்ணை முன்னால் தள்ளுகிறது. பூஞ்சையாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மூக்குக்குள்ளிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

அந்த நாளில் இப்படி எடுத்ததை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது நோயாளியின் வீட்டார் வேலை. சீசாவைக் கையில் கொடுத்து, "பட்டணத்துல இந்த விலாசத்துல குடுத்துடுங்க" என்பார்கள். ஒரு துண்டைத் திசு பார்க்கிற இடத்துக்கு அங்கிருந்தே அனுப்பினார்கள். மற்றது பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க. அதை ஒரு சின்னச் சீசாவில் உப்புத் தண்ணீரில் போட்டுத் தனராஜ் கையில் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டதால் மறுநாள் காலையில்தான் கொண்டுபோக முடியும். சித்திரை வெயில். அவர் சீசாவைத் துண்டில் சுற்றிப் பத்திரமாக எடுத்துப்போனார்.

இரண்டு முடிவும் வந்தன. திசுவைப் பார்த்தவர்கள், வீக்கம் இருக்கிறது, இந்தச் சின்னத் துண்டை வைத்துத் திட்டமாக எதுவும் சொல்வதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். மற்றதில் பூஞ்சை எதுவும் வளரவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அப்போது அது பட்டணத்தில் ஒன்றிரண்டு இடங்களில்தான் இருந்தது. என்னிடமிருந்த நல்ல டைப்ரைட்டர் ஒன்றை விற்றுத்தான் அதற்குப் பணம் கட்டினேன். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பு கரைந்து காகிதமாகிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பு. பெஞ்சில், வராந்தாவில், மாடிப்படியில் காத்திருந்தோம். தனராஜ் விடிந்ததும் மின்சார ரயில் பிடித்து வந்து டிபன் கேரியரை வைத்துவிட்டு, எல்லோரையும் சார் சார் என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பார். லில்லி அக்காவுக்கு டைப்ரைட்டரில் காகிதம் செருகக்கூடத் தெரியாது. இருந்தும் இன்ஸ்டிட்யூட்டை மூட விடவில்லை. என் நாற்காலியில் ஸ்கேலோடு உட்கார்ந்து, "ம், அடிங்க, சத்தம் கேக்கலையே" என்று அதட்டியே மாதத்தை ஓட்டினார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்புவார். எனக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. சூடு மட்டும் தெரியும். ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன்.

வார்டில் பக்கத்துக் கட்டில் கன்னியம்மா. பள்ளிக்கரணைக்காரி, கீரை விற்பவள், சர்க்கரை நோயாளி. அவளுக்கு மூக்கில் வந்தது பூஞ்சை என்று திட்டமாகவே தெரிந்திருந்தது. சர்க்கரை ஏறிக் கிடக்கிற உடம்பில் புகுந்து, சதையையும் ரத்தக் குழாயையும் தின்றுகொண்டே மூளைப் பக்கம் போகிற வகை. நாள் கடத்தினால் உயிர் போய்விடும். அதனால் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஏற்றுகிற மருந்து ஒன்று உண்டு. பாட்டில் தொங்கினதும் குளிர் தூக்கிப் போடும். பட்டப் பகலில், கத்திரி வெயில் கண்ட அந்த வார்டில், மூன்று கம்பளி போட்டும் கட்டில் கடகடவென்று ஆடும். நானும் ஆயாவும் ஆளுக்கொரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொள்வோம். பல் கிட்டுகிற அந்த நடுக்கத்திலும் அவள் வாய் ஓயாது.

"பாத்துகினே இரு டீச்சரம்மா, இந்த பாட்லு என்னிய இன்னா பண்ணுதுன்னு. நான் அத்த இன்னா பண்றேன்னு அப்பால பாரு."

பெரிய டாக்டர் சுற்றி வந்தார். கெட்டிக்காரர், கைராசிக்காரர் என்று பெயர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எலும்பு கரைஞ்சிருக்கு. பூஞ்சை வளரலைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அப்போ கேன்சர்னுதான் நெனச்சுக்கணும். முகத்தைத் திறந்து எடுத்துடலாம். கண்குழிக்குள்ள போயிருந்தா கண்ணையும் எடுக்க வேண்டி வரும். இதுல கையெழுத்துப் போடும்மா."

பேனா வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் ஆயுசு முழுக்க மற்றவர்கள் தாளில் தப்புக் கண்டுபிடித்தே பிழைத்தவள் நான். "நெனச்சுக்கணும்" என்ற சொல் எனக்கு இடித்தது.

"கேன்சர்னு எதுலயாவது எழுதியிருக்கா சார்?"

"இல்லைன்னும் எழுதலையே."

"அப்போ இன்னொரு தரம் பாத்துடுங்க. உண்டுன்னு தெரிஞ்சா நானே கண்ணை எடுத்துக்கச் சொல்றேன். நெனச்சுக்கிட்டதுக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

"லேட்டானா பொறுப்பு உன்னுது" என்றார் பெரிய டாக்டர். "கண்ணும் என்னுதுதானே சார்" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கன்னியம்மா இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். "எனக்கு எட்த்தாங்கோ, உசுரு கீது, கீர விப்பேன். எட்த்தது சரி. ஒனக்கு இன்னான்னே தெரியாம எதுக்கு எட்க்கணும்? வுடாத."

இதைப் படிக்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அறுவையை மறுக்கவில்லை. தெரியாமல் அறுப்பதைத்தான் மறுத்தேன். கன்னியம்மா மறுத்திருந்தால் மண்ணுக்குள் போயிருப்பாள்.

பெரிய டாக்டர் போன பிறகு அவரிடம் படிக்கிற சின்ன டாக்டரம்மா தனியாகத் திரும்பி வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தூக்கம் கண்டிராத முகத்தோடு இருப்பார். தனராஜும் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கென்னவோ இது பூஞ்சைன்னுதான் படுது. உங்க மூக்குல பிசுபிசுன்னு ஒரு சேறு இருக்கு. நம்ம ஊர் சூடு, ஈரம், தூசி எல்லாம் அதுக்குச் சொர்க்கம். குளிர் தேசத்துப் புஸ்தகத்துல ஒரு பாரா எழுதியிருப்பாங்க, இங்க ஒரு வரிசைக் கட்டிலே இருக்கு. ஆனா வளரலையே, அதான் புரியல."

"எதனால வளராம போகும்?" என்று கேட்டேன்.

"அது உயிரோட லேபுக்குப் போகணும். அதுக்குத்தான் உப்புத் தண்ணில போடறது. ஃபார்மலின் பட்டா செத்துடும், அப்புறம் எப்படி வளரும்?"

தனராஜ் அப்படியே கன்னியம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பிலோ," என்றார். "நான்தான் ஊத்தினேன்."

"எதை?"

"ஃபார்மலின். வெறும் தண்ணில போட்டுக் குடுத்துட்டாங்களேன்னு நெனச்சேன். அந்த வெயில்ல காலைக்குள்ள அழுகிடும்னு பயந்துட்டேன். டிபார்ட்மெண்ட்டத் திறந்து நெறைய ஊத்தி, மூடி போட்டு, மெழுகு வச்சு… நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன் பிலோ. தவளை, பாம்பு எல்லாத்தையும் அப்படித்தானே பத்திரப்படுத்துவோம்."

"என்னையும் தவளைன்னு நெனச்சீங்களா?"

சத்தமாகத்தான் கேட்டேன். தாம்பரம் வரை கேட்டிருக்கும். கையில் கிடைத்த டம்ளரை வீசினேன், அது சுவரில் பட்டு உருண்டது. என் கண்ணைப் பறிகொடுக்க இருந்தது இந்த மனுஷனின் அக்கறையால் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. மூக்கு மட்டும் நன்றாக இருந்திருந்தால், அன்று ராத்திரி அந்தச் சீசாவோடு அவர் வீட்டுக்குள் நுழைந்த உடனே கண்டுபிடித்திருப்பேன். அது தோன்றியதும்தான் அழுகை வந்தது. அவரும் அழுதார். நடுவில் கன்னியம்மா சிரித்தாள். "ஊர்ல புருசன் வெசம் வெப்பான், இந்தாளு மருந்து ஊத்திக்கீறாரு. எய்ந்திரிய்யா, ஒக்காந்து அய்தா ஆவுமா?"

சின்ன டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்ல. மறுபடி எடுக்கலாம், நான் சார்கிட்ட சொல்லிக்கறேன்" என்றார். பெரிய டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

துண்டை யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. பூஞ்சை வளர்க்கிற ஆய்வுக்கூடம் நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. லில்லி அக்கா தம்பியை முறைத்துக்கொண்டு, "நான் போறேன், இவன் கையில குடுக்காதே" என்றார். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் இந்தத் தப்பை இனி ஜென்மத்துக்கும் செய்யமாட்டார் என்று உலகத்தில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும்.

"இவரே போகட்டும்" என்றேன்.

அவர் போய்விட்டு வந்து சொன்னதுதான் இது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. இரண்டு கையாலும் சீசாவைப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல் நின்றிருக்கிறார். பிரேக் போட்டபோதெல்லாம் யார்மீதாவது சாய்ந்திருக்கிறார். கண்டக்டர் கத்தியிருக்கிறார்: "யோவ், கம்பிய புட்ச்சா கை தேஞ்சிடுமா? சாவுகிராக்கி!"

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? கையில என் பொண்டாட்டி கண்ணு இருக்குன்னா சொல்ல முடியும்?"

அன்றைக்கே சாயங்காலம் சின்ன டாக்டரம்மா படியேறி ஓடி வந்தார். துண்டை ஒரு காரத்தில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதே நூல் நூலாகத் தெரிந்ததாம். சில நாளில் தட்டில் பச்சையாக வளர்ந்தும் காட்டியது, பழைய ரொட்டியில் பூக்குமே அதே மாதிரி. அதன் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் போட வேண்டிய சொல். அது சதையைத் தின்கிற வகை இல்லை. உள்ளே வந்து குடியேறுகிறது, உடம்புக்கு அது ஒவ்வாமல் சளியாகக் கொட்டுகிறது, அது சேறாக இறுகி எலும்பைத் தள்ளித் தள்ளியே தேய்க்கிறது. கன்னியம்மாவுக்கு வந்தது கொள்ளைக்காரன் என்றால் எனக்கு வந்தது வாடகை தராத குடித்தனக்காரன். பெரிய டாக்டர் தட்டை நன்றாகத் திருப்பிப் பார்த்தார். "சரி. கண்ணு உன்னுதே" என்றார். நல்ல மனுஷன்தான்.

மேலுதட்டுக்கு அடியில் கீறி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வழித்தெடுத்தார்கள். எடுத்ததைப் பிறகு எனக்குக் காட்டினார்கள். வேர்க்கடலையைப் புளியோடு சேர்த்து அரைத்த விழுதுபோல, பச்சையும் பழுப்புமாக இருந்தது. மூக்கில் நாடாத் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அதை உருவிய நாள்தான் கொடுமை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் கூப்பிட்டேன், தெரியாதவர்களையும் கூப்பிட்டேன். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதியது. கண் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், தன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு தனராஜ் ஒருவராக ஆனார். ஒருவரே போதும்.

இது ஒரேயடியாகப் போகிற நோய் இல்லை. எனக்கும் ஒரு தரம் திரும்பி வந்தது, திரும்பவும் துரத்தினோம். இன்றைக்கும் தினம் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறேன். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். கன்னியம்மாவும் வெகுகாலம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் கூடையை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எடை பார்த்து, பேரம் பேசுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் ஆகியிருக்கும். அடுப்பில் சாம்பார். அவர் வேலை விட்டு வந்து, பல வருஷப் பழக்கமாக, நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்று, "காபி இருக்கா பிலோ?" என்றார். திடீரென்று மூக்குக்குள் சுரீர் என்று ஏறியது. கண்ணில் நீர் முட்டியது, இரண்டு கண்ணிலும்தான். கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது.

"அங்கேயே நில்லுங்க!"

அவர் நடுங்கிப்போய், "என்ன ஆச்சு? கண்ணா? கண்ணுல ஏதாவதா?" என்றார்.

"நாத்தம்! பொண நாத்தம்! குளிக்காம சமையக்கட்டுக்குள்ள கால வச்சா கொன்னுடுவேன், ஆமா!"

அவர் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் திட்டு" என்றார்.

திட்டினேன். தெருக்கோடியிலிருக்கிற லில்லி அக்கா வீடு வரைக்கும் கேட்கும்படி திட்டினேன்.